கால் எந்தப் பக்கம் நடக்கிறது

செத்தவர்களிடம் கேள்வி கேட்பது என் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் 'முதுநிலை இதயத்திசு ஆய்வாளர்' என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் தரமணியில் எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் வேலாயுதத்திடம் வழி கேட்டால், "பொணத்துக்கிட்ட பேசுற மேடமா? மூணாவது மாடி" என்றுதான் சொல்வார்.

மூளை போனால் போச்சு. அரைநாளில் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இதயத்தில் தனக்கென்று ஒரு சின்ன நரம்பு முடிச்சு இருக்கிறது. எதற்கெல்லாம் ஒருவன் நெஞ்சு படபடத்ததோ அதன் தடம் அந்த முடிச்சில் கொஞ்சகாலம் தங்கும் என்பதுதான் எங்கள் கருவியின் அடிப்படை. நகக்கண் அளவு திசுவைத் தட்டில் வைப்போம். ஒரு சொல்லை உச்சரித்து, அதை மின்துடிப்பாக மாற்றித் திசுவுக்குள் அனுப்புவோம். தெரிந்த சொல், உறைத்த சொல் என்றால் திசு ஒரு துளி சிலிர்க்கும். மணி அடிக்கும். அவ்வளவுதான்.

நான்கு வருஷங்களுக்கு முன் இதயச் சாட்சியச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து அந்த மணி நீதிமன்றத்தில் செல்லும். இதுவரை முப்பத்தொரு வழக்குகளில் அடித்திருக்கிறது, முப்பத்தொன்றிலும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். மற்ற ஆய்வாளர்கள் உட்கார்ந்தால் பெரும்பாலும் கருவி ஊமையாக இருக்கும், இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று அடிக்கும். "உமையாள் மேடத்துக்குக் கைராசி" என்று ஆய்வகத்தில் பேர். அறிவியல் கூடத்தில் கைராசியா என்று நானே கிண்டலடிப்பேன். உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

முப்பத்தொன்றாவது வழக்குதான் இந்தக் கதை. தணிகாசலம் என்ற பெரியவர் படுக்கையில் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தார். தலையணையால் அமுக்கியிருக்கிறார்கள். வீட்டில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். மகள், மருமகன், சமையல்காரம்மாள், தோட்டக்காரர், பெரியவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்ட உதவியாளர். மூன்று நாள் குளிர்பெட்டியில் இருந்த அவர் நெஞ்சிடம் ஐந்து பெயர்களை வாசித்தோம். உதவியாளர் பெயருக்கு மணி அடித்தது. கீழ்க்கோர்ட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை.

அவர் பெயர் சேந்தன். அந்தப் பெயரில் எனக்கு வேறொருவனையும் தெரியும். மணி அடித்தபோது, 'அடடா, அதே பேர்' என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மேல்முறையீட்டில் அவருக்காக வாதாட ரெஜினா அற்புதம் என்ற வக்கீல் வந்தார். "இது கருவியா, குடுகுடுப்பையா?" என்று நீதிமன்றத்திலேயே கேட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. எங்கள் இயக்குநர் நல்லசிவத்துக்குத் தூக்கம் போனது.

"உமையா, நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன்" என்று ஒரு நாள் காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "எகிப்துக்காரங்க மம்மி பண்றப்ப மூளைய மூக்கு வழியா உறிஞ்சித் தூரப் போட்டுருவாங்களாம். ஆனா நெஞ்ச மட்டும் உள்ளயே விட்டுருவாங்களாம். மூவாயிரம் வருஷத்து நெஞ்சே நமக்குப் பதில் சொல்லிருச்சுன்னு வை, மூணு நாள் நெஞ்சு சொன்னத எவன் இல்லம்பான்?"

"சார், மூவாயிரம் வருஷத்துல அது கருவாடு மாதிரி ஆயிருக்கும்."

"உன் கைராசிக்குக் கருவாடும் பேசும்மா."

சிரித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

*

எகிப்தின் லக்சரிலிருந்து மர்வா வந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. பழைய எகிப்திய எழுத்துகளை வாசிப்பவள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் சொல்கிறேன். உமையாள் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "உமா" ஆனேன்.

கண்ணாடிக் குழாய் ஒன்றில் பழுப்புத் துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கல்லறை தோண்டும் தொழிலாளிகளுக்காக அரசாங்கமே கட்டிய ஒரு கிராமம் நைல் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்திருக்கிறது. அங்கே கல் உடைத்த கென்னா என்பவனின் இதயத் துணுக்கு அது.

"ராஜா யாரும் கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"ராஜாக்களைப் பற்றி ராஜாக்களே எழுதி வைத்திருக்கிறார்கள், எல்லாம் பொய். கென்னாவைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்." உடைந்த பானை ஓடுகளின் படங்களை மேஜையில் பரப்பினாள். "அவர்களுக்கு இதுதான் துண்டுச் சீட்டு. இது வருகைப் பதிவு. கென்னா வரவில்லை, தேள் கொட்டிவிட்டது. கென்னா வரவில்லை, பண்டிகைக்கு வீட்டில் பீர் காய்ச்சுகிறான். கென்னா வரவில்லை, பெண்டாட்டியோடு சண்டை."

"இதையெல்லாம் காரணம்னு எழுதிக்குடுத்து லீவு வாங்கினானா? எங்க நல்லசிவம் சார்கிட்ட செல்லாது."

அவள் சிரித்துவிட்டு இன்னொரு ஓட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். "இதற்காகத்தான் உங்கள் இயக்குநர் இவனைத் தேர்ந்தெடுத்தார். செம்பு உளி ஒன்று காணாமல் போனது. அரசாங்கச் சொத்து, எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். யார் எடுத்தது? சாமியிடம் கேட்டார்கள்."

"சாமி எப்படிப் பதில் சொல்லும்?"

"செத்துப்போன பழைய அரசன் ஒருவன் அவர்களுக்குச் சாமி. அவன் சிலையைப் பல்லக்கில் வைத்து எட்டுப் பேர் தோளில் தூக்குவார்கள். முன்னால் நின்று ஒவ்வொரு வீட்டுக்காரன் பெயராக வாசிப்பார்கள். ஆமாம் என்றால் பல்லக்கு முன்னால் வரும். இல்லை என்றால் பின்னால் போகும். கென்னா பெயரை வாசித்தபோது பல்லக்கு முன்னால் வந்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது முறையும் வந்தது. அடித்தார்கள். அப்போதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை."

"எடுத்தானா, எடுக்கலையா?"

"ஓடு அந்த இடத்தில் உடைந்திருக்கிறது."

எங்கள் ஊர்ச் சப்பரம் ஞாபகம் வந்தது. தூக்குகிறவர்களைக் கேட்டால், 'நாங்க எங்க ஆட்டுறோம், அம்மன்தான் இழுக்கிறா' என்பார்கள். பொய் சொல்லவும் மாட்டார்கள், தோளில் காய்ப்புக் காய்த்திருக்கும். மர்வாவிடம் சொன்னேன். "அதேதான்" என்றாள். "எட்டுப் பேரில் ஒருவனும் ஏமாற்றுக்காரன் இல்லை. ஆனால் எட்டுப் பேருக்கும் கென்னாவைப் பற்றி ஓர் எண்ணம் இருந்திருக்கும். தோளுக்கு அது தெரியும்."

கடைசியாக ஒரு படம் காட்டினாள். உள்ளங்கை அளவு பச்சைக் கல்லில் செதுக்கிய வண்டு. கென்னாவின் மார்புக் கட்டுக்குள் இருந்தது. செத்தவனின் நெஞ்சை மேலுலகத்தில் தராசில் வைப்பார்கள், எதிர்த்தட்டில் ஓர் இறகு. நெஞ்சு கனத்தால் அதைத் தின்னப் பக்கத்திலேயே ஒரு மிருகம் காத்திருக்கும். அந்த நேரத்தில் நெஞ்சு தன் சொந்தக்காரனைப் பற்றியே தாறுமாறாக எதையாவது உளறிவிடக் கூடாதே என்ற பயத்தில், அதைச் சும்மா இருக்கச் சொல்லிக் கெஞ்சும் மந்திரத்தை வண்டின் வயிற்றில் வெட்டி மார்பில் வைத்துக்கொள்வார்களாம்.

"அப்ப நம்ம செய்யப்போறது அவன் கெஞ்சினதுக்கு நேர் எதிர்" என்றேன்.

"ஆமாம்" என்றாள் மர்வா. அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "என் வீடு அதே மேற்குக் கரையில்தான் இருக்கிறது, உமா. ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது."

*

சோதனை நாளன்று நல்லசிவம் பட்டு வேட்டியில் வந்தார். நிருபர்கள் நான்கு பேர், சட்டத்துறையிலிருந்து இரண்டு பேர்.

பதினாறு சொற்கள், இரண்டு பத்தியாக. பழைய எகிப்திய மொழியில் மர்வா வாசிப்பாள். என் திரையில் அவற்றின் தமிழ் அர்த்தம் வரிசையாக ஓடும். ரொட்டி, ஆறு, கழுதை, மகள் என்று சாதாரணச் சொற்கள். நடுவில் ஒளித்துவைத்த மாதிரி 'உளி'யும் 'திருட்டு'ம். மணிச் சத்தம் கேட்டால் குரல் மாறிவிடும் என்பதற்காக வாசிப்பவரைக் கண்ணாடி அறைக்குள் காதை அடைத்து உட்காரவைப்பது வழக்கம். மர்வா உள்ளே போவதற்கு முன் கண்ணாடிக் குழாயின் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொன்ன?"

"ரொட்டி, பீர் என்று சொன்னேன். தங்கள் கல்லறையைக் கடந்து போகிறவர்களிடம் அவர்கள் கேட்டது அவ்வளவுதான். கையில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் வாயால் சொல்லிவிட்டுப் போ."

நான் என் இடது கட்டைவிரலில் வளையத்தை மாட்டிக்கொண்டேன். இதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவி அத்தனை நுட்பமானது. அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் நாடித்துடிப்பே அதற்குள் புகுந்து குழப்பும். அதனால் வளையம் என் துடிப்பை அளந்து சொல்லும், கருவி தன் கணக்கின் கடைசி வரியில் அதைக் கழித்துவிடும். அந்தக் கடைசி வரித் திருத்தம்தான் என் கண்டுபிடிப்பு. என் பெயரில்தான் காப்புரிமை. மற்ற நாட்டுக் கருவிகள் எல்லாம் ஊமையாகக் கிடக்க எங்களுடையது மட்டும் பேசியதற்குக் காரணம் அதுதான் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

மர்வாவின் குரல் ஓடியது. என் திரையில் ரொட்டி போயிற்று, ஆறு போயிற்று, உளி போயிற்று. ஆறாவது சொல் 'திருட்டு'. மணி அடித்தது.

மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அதே ஆறாவது இடத்தில் அடித்தது. நல்லசிவம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மூவாயிரம் வருஷத்துக்கு அப்பால் ஒரு கல்லுடைப்பவன் திருடன் என்று முடிவாயிற்று. மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது.

எனக்கு மட்டும் சந்தோஷம் ஒட்டவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன். ஒரு கருவாட்டுத் துணுக்கு எப்படிப் பேசும்?

*

மறுநாள் காலை மர்வா காதில் ஒலிப்பதிவை மாட்டிக்கொண்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"உமா, கென்னா திருடியது உளியை இல்லை. வெங்காயத்தை."

"என்னது?"

"மணி அடிக்கும் இடத்தில் நான் சொல்வது 'வெங்காயம்'. மூன்று முறையும்." அப்புறம் தாளைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் தப்பு. உன் தாளில் இரண்டு பத்தி இருக்கிறதா? நான் வலது பத்தியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். அரபிக்காரி கண் வலப்பக்கம்தானே முதலில் போகும்!"

"அப்போ, 'திருட்டு' சொன்னப்ப?"

அவள் ஒலிப்பதிவை ஓட்டிப் பார்த்தாள். "திருட்டுக்கு மணி இல்லை. உளிக்கும் இல்லை. கடைசி வரை சத்தமே இல்லை."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கென்னாவின் காதில், அதாவது கென்னாவின் துணுக்கில், அந்த நேரத்தில் விழுந்தது வெங்காயம். 'திருட்டு' என்ற எழுத்து அந்த நேரத்தில் இருந்தது ஒரே ஓர் இடத்தில். என் கண்ணுக்கு முன்னால், திரையில்.

நேராகக் கருவி அறைக்குப் போனேன். தட்டிலிருந்து கென்னாவை எடுத்துப் பத்திரமாகக் குழாயில் போட்டேன். தட்டு காலி. வளையத்தை மாட்டிக்கொண்டு 'திருட்டு' என்று நானே சொன்னேன்.

மணி அடித்தது.

பிறகு தணிகாசலம் வழக்கின் ஐந்து பெயர்களையும் வாசித்தேன். எதற்கு அடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

*

இப்போது அந்த இன்னொரு சேந்தனைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்பது வருஷங்களுக்கு முன், கோயம்புத்தூரில் நாங்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். தாராபுரத்துக்காரன். கெட்டிக்காரன், கூடவே கிறுக்கன். எகிப்து என்றால் அவனுக்குப் பைத்தியம். கணக்கு நோட்டில் கூட்டல், கழித்தல் குறிக்குப் பதிலாக நடக்கிற கால் இரண்டைச் சின்னதாக வரைவான். "அவங்க இப்படித்தான் போடுவாங்க உமையா. கால் முன்னால நடந்தா கூட்டு, திரும்பி நடந்தா கழி. அழகா இருக்குதுல்ல?" என்பான்.

அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஊருக்குப் போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்து, "பாத்து வெச்சுக்க" என்றான். நாலு மாசம் கழித்து அவன் திரும்பி வந்தபோது, அந்த நோட்டின் கடைசி இரண்டு பக்கம் என் பெயரில் கட்டுரையாக வந்திருந்தது. கால்களை மட்டும் கூட்டல், கழித்தலாக மாற்றியிருந்தேன்.

அவன் சண்டை போடுவான் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். கேன்டீன் வாசலில் என்னைப் பார்த்தான். "கால் எந்தப் பக்கம் நடக்குதுன்னு பாத்தியா?" என்று கேட்டான். அவ்வளவுதான், போய்விட்டான். ஆராய்ச்சியையே விட்டுவிட்டு ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரானான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு வாக்கியம் ஒன்பது வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. நீ போகிற பாதை சரியா என்று குத்திக்காட்டினான் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனையோ நாள் பல் தேய்க்கும்போது அவனுக்குக் கண்ணாடியில் பதில் சொல்லியிருக்கிறேன்.

நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று தெரியாது. பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துவந்து மர்வாவின் முன்னால் விரித்தேன். கடைசி வரி. ஒரு நீளமான கோவை, நடுவில் ஒரு ஜோடிக் கால், அப்புறம் 'கைத்துடிப்பு' என்று தமிழில்.

"இந்தக் கால் எந்தப் பக்கம் நடக்குது?"

மர்வாவின் முகம் மலர்ந்தது. "அட, யார் வரைந்தது? அப்படியே பழைய கணக்கன் கை! வலப்பக்கம் நடக்கிறது."

"அதாவது முன்னால. கூட்டல்."

"இல்லையே. உனக்குத்தான் வலப்பக்கம் முன்னால். அவர்கள் எழுதியது வலமிருந்து இடமாக. இடப்பக்கம் நடந்தால்தான் முன்னால். இது திரும்பிப் போகிறது, உமா. கழித்தல்."

நான் கூட்டல் போட்டிருந்தேன்.

மர்வா என் முகத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் நடுவில் நிறுத்தவே முடியவில்லை.

"ஆக, அந்த வரி உன் துடிப்பை நீக்கவில்லை. மேலே ஏற்றிவிட்டிருக்கிறது" என்றாள் அவள் மெதுவாக. "ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா?"

"அப்ப செத்து நிமிஷம்கூட ஆகாத திசுவுல சோதிச்சோம். அதோட சத்தம் பெருசு, என்னோடது அதுல அடிபட்டுப் போச்சு. நாள்பட்ட திசுவுல சத்தமே இல்ல. மிச்சமிருந்தது நான் மட்டும்தான்."

"மற்றவர்கள் இயக்கினால் அடிக்காது என்றாயே?"

"அவங்க ஃபைல் படிக்காம வந்து உட்காருவாங்க. யாரோ, எவரோ. நான் ஒரு வரி விடாமப் படிச்சுட்டு உட்காருவேன். யாரு செஞ்சிருப்பாங்கன்னு எனக்கு எப்பவும் ஓர் எண்ணம் இருக்கும்."

அவள் மேஜையிலிருந்த பானை ஓட்டுப் படத்தைத் திருப்பி வைத்தாள். பல்லக்கு தூக்கிய எட்டுப் பேர் இருந்த ஓடு அது. எனக்கு அழுகை வந்தது. முப்பது வழக்குகளில் என் சந்தேகம் மணி அடித்திருக்கிறது. முப்பத்தொன்றாவதில் என் குற்றம் அடித்திருக்கிறது. அந்த மனிதர் புழலில் பதினான்கு மாசமாகக் களி தின்றுகொண்டிருப்பது, அவருக்குச் சேந்தன் என்று பெயர் வைத்ததால்தான்.

*

குறியை மாற்றிப் போட்டு ஓட்டினேன். கென்னா பேசவில்லை. சேமிப்பிலிருந்த தணிகாசலம் பேசவில்லை. யாருமே பேசவில்லை. அந்த அறை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நல்லசிவம் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். முப்பத்தொரு குடும்பத்தை அவரும்தான் மனதில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சரி. அடுத்த மாசத்துலேருந்து புதுக் குறியோட ஓடட்டும்" என்றார். "ஒண்ணும் அடிக்கல, திசு பழசுன்னு எழுதிரலாம். சட்டம் தானா செத்துரும். பழச எதுக்குமா கிளறணும்?"

"சேந்தன் உள்ள இருக்கார் சார்."

"நீ போய்க் குறி தப்புன்னு சொன்னா, கவர்மென்ட் வக்கீல் என்ன கேப்பான் தெரியுமா? 'நாலு வருஷமா சரியா இருந்தது இப்ப எப்படித் தப்பாச்சு? யாரு சொல்லிக் குறிய மாத்தின?'ன்னு கேப்பான். அது உன் துடிப்புதான்னு நிரூபிக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிரூபிச்சேன்னே வை. அந்த ஆளு யாருன்னே உனக்குத் தெரியாது. அவன் பேருக்கு உன் நெஞ்சு ஏன் துள்ளணும்னு கேப்பாங்களே. அதுக்குப் பதில் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். அதுதான் பிரச்சினை. அந்தப் பதிலைச் சொன்னால் காப்புரிமை போகும், வேலை போகும், பாடப்புத்தகத்திலிருந்து பெயர் போகும். ஊருக்கெல்லாம் நான் திருடி. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரே ஓர் ஆள் ஜெயிலில் இருப்பார்.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் வீட்டுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன். மர்வா விமானம் ஏறும் முன் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தாள். அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் பச்சைக் கல் வண்டு. "மந்திரம் வெட்டாதது" என்றாள். "வயிறு காலி. பேசச் சொல்வதா, சும்மா இருக்கச் சொல்வதா என்பதை நீயே முடிவு செய்துகொள்."

கென்னா திருடன் என்று போட்ட அறிக்கையை அவள் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். துணுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பழைய கட்டுக்குள்ளேயே வைத்துவிடுவதாகச் சொல்லி.

*

நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. வண்டு என் கைப்பைக்குள் இருந்தது. கருவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள். நான் கூண்டில் ஏறினேன். அரசாங்கத்தின் சாட்சி நான். என்ன சொல்லப்போகிறேன் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது.

சேந்தனை அப்போதுதான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான மனிதர். யார் எழுந்தாலும் கூடவே எழுந்து நின்றார்.

ரெஜினா அற்புதம் கேள்வியை ஆரம்பிப்பதற்கு முன் நான் நீதிபதியைப் பார்த்தேன். "மை லார்ட், ஒரு சோதனை காட்ட அனுமதி வேணும். தட்டுல ஒண்ணும் இல்ல. யாரோட இதயமும் இல்ல. பழைய குறியே போட்டிருக்கேன். வக்கீலம்மா அந்த அஞ்சு பேரையும் வாசிக்கட்டும்."

அரசாங்க வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி எழுந்துவந்து காலித் தட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், விரலால்கூடத் தடவிப் பார்த்தார். "வாசிங்க" என்றார்.

வளையத்தை மாட்டினேன். நாலு வருஷமாக எத்தனையோ முறை மாட்டியதுதான். கென்னா தன் நெஞ்சிடம் கெஞ்சினானே, அதே மாதிரி நானும் கெஞ்சினேன். ஒரே வித்தியாசம், சும்மா இருந்துவிடாதே என்று கெஞ்சினேன்.

ரெஜினா அற்புதம் தாளை எடுத்தார். "கனகவல்லி."

கருவி சும்மா இருந்தது.

"பரிமளநாதன்."

ஒன்றும் இல்லை.

"முத்தக்காள். எட்டியப்பன்."

பின்னால் யாரோ இருமினார்கள். நல்லசிவம் தலையைக் குனிந்திருந்தார்.

"சேந்தன்."

"ஐயா" என்று அவர் எழுந்து நின்றார், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று.

மணி அடித்தது.

நீதிபதி தட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், கடைசியில் என் கட்டைவிரலைப் பார்த்தார். "இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப இவர் பேருக்கு ஏன் அடிக்குது?"

நின்றுகொண்டிருந்த மனிதர் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் கோபம்கூட இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

"இவரில்லைங்க" என்றேன். "இன்னொரு சேந்தன். தாராபுரத்துல கணக்கு வாத்தியாரா இருக்கார். அவர்கிட்டதான் நான் திருடினேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வளையத்தை நான் கழற்றவில்லை.